துணிக்கடையும் கல்விச்சாலையும்

நம் சங்கம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. வெள்ளி விழா மலருக்கெனச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தருமாறு நிருவாகக் குழுவினர் நம்மைப் பணித்தபோது, பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகள் அனைத்தையும் எடுத்துவைத்துப் படித்தோம். தலைவர்கள் பெயர் உள்ளது. செயலாளர்கள், பொருளாளர்கள் பெயர் உள்ளது. கட்டடத்துக்கு மணலும் செங்கல்லும் அளித்தவர்கள் பெயர்கூட விடாமல் எழுதப்பட்டுள்ளது. ஆயின், இச்சங்கம் தோன்றுதற்குப் பத்தாண்டு முன்னரே இதன் வேலையைச் செய்யத் தொடங்கி, தோன்றிய பின்னரும் பத்தாண்டு செய்து, 2011-இல் மறைந்த ஒருவருடைய பெயர் ஓரிடத்தில்தானும் இல்லை. அவர் எப்பொறுப்பும் ஏற்றவரல்லர். பொதுக்குழுவில் கடைசி வரிசைப் பாயில் அமர்வார். கையெழுத்திடும் புத்தகம் வருமுன் எழுந்து சென்றுவிடுவார். எனவே, சங்க வரலாற்றை எழுதுவதைக் காட்டிலும் அவர் வரலாற்றை எழுதுவதே முறையெனத் துணிந்தோம். குழுவினரும் இசைந்தனர்.

இக்கட்டுரையிலும் அவர் பெயர் இராது. தம் பெயரைக் கல்லிலோ தாளிலோ பொறிக்கலாகாது என்று அவர் கேட்டுக்கொண்டதை அவர்தம் குடும்பத்தார் இன்றும் நினைவூட்டுகின்றனர். நம் காலனியில் பெரியோரும் சிறியோரும் அவரைச் ‘சேல்ஸ்மேன் ஐயா’ என்றே அழைத்தனர். அப்பெயரே இங்கும் போதும்.

ஐயா 1931-இல் குடியாத்தத்துக்கு அருகிலுள்ள ஒரு சேரியில் பிறந்தார். அந்த ஆண்டைப்பற்றி இளைஞர்கள் ஒன்று அறிதல் வேண்டும். நம் வட்டாரத்தில் அன்று. தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்கம் செலுத்திய சாதியார் ஆதி திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டையோ பனியனோ போடலாகாது. பெண்டிர் மேலாடையால் உடலை மறைக்கலாகாது. குடை பிடித்தலும் செருப்பணிதலும் ஆகா. மக்கள் அதற்குப் பணியவில்லை. உடனே வன்முறை எழுந்தது, குடிசைகள் எரிந்தன. அடுத்த 1931 சூனில் எட்டு பதினொன்றாயிற்று. அப்பதினொன்றில் ஒன்று, ஆதி திராவிடர் தம் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாகாது என்பது. அதற்கடுத்தது, அப்பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளையே மேய்க்கவேண்டும் என்பது. அட்டன் என்னும் ஆங்கில அதிகாரி இந்தியச் சாதிமுறைபற்றி 1946-இல் வெளியிட்ட நூலில் இவை பதிவாகியுள்ளன.

ஐயா இப்பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார். “பாருங்க தம்பி, முதல் வருஷம் துணியைப் பிடுங்கினான், அடுத்த வருஷம் சிலேட்டைப் பிடுங்கினான். ரெண்டையும் பிடுங்கினது ஒரே கை” என்பார். முப்பத்தாறு ஆண்டுகள் துணி விற்றுவிட்டு எஞ்சிய காலமெல்லாம் பள்ளிக்குப் பிள்ளை சேர்த்த ஒருவர் வாயிலிருந்து இச்சொல் வந்ததால், அதனை வெறும் பேச்சென்று நம்மால் தள்ள இயலவில்லை.

அவருடைய தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 1880-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனி அங்கே தங்கம் அகழத் தொடங்கியது முதல், வட ஆர்க்காட்டிலிருந்து நம் மக்கள் அலையலையாகச் சென்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. கீழே வெப்பமும் பாறைவெடிப்பும். மேலே தகர வீட்டு வரிசைகள். ஆனால் ஊரில் கிட்டாத இரண்டு அங்கே கிட்டின: ஒன்று, மாதக்கூலி, மற்றொன்று, பத்திரிகை. அயோத்திதாச பண்டிதர் 1907 சூனில் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார ஏடு தங்கவயலுக்குத் தவறாது சென்றது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. பண்டிதர் 1914-இல் மறைந்த பின்னரும், 1926-இல் ‘தமிழன்’ ஏட்டை மீண்டும் நடத்தியவர்கள் தங்கவயல் மக்களே.

ஐயாவின் தந்தையார் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அவ்வேட்டிலேதான். அதன் பழைய இதழ்களை ஒரு கித்தான் பையில் வைத்திருந்து, ஓய்வு நாள்களில் மகனைப் படிக்கச்சொல்லிக் கேட்பாராம். ‘ஒரு பைசா என்று ஏன் பெயர் வைத்தார்?’ என்று சிறுவன் கேட்டபோது, ‘நம்மால் கொடுக்கமுடிந்தது அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும்’ என்று தந்தை சொன்னதாக ஐயா நம்மிடம் கூறியதுண்டு. பொருளின் விலையை வாங்குவோன் கையைப் பார்த்து வைத்தல் வேண்டும் என்பது அவர் கற்ற முதற்பாடம் எனலாம்.

பாறைத்தூள் நுரையீரலில் படிந்து 1942-இல் தந்தை இறந்தார். தாயும் மகனும் ஊர் திரும்பினர். 1920-இல் சென்னை மாகாண அரசு ஏற்படுத்திய தொழிலாளர் துறை, தாழ்த்தப்பட்டோர்க்கென நடத்திவந்த ‘லேபர் பள்ளி’ ஒன்று அருகில் இருந்தது. அதில் சேர்ந்து, பின் உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தே சென்று, 1950-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். மூன்றாண்டு வேலையின்றிக் கழிந்தது. 1953-இல் கைத்தறித் துணிக் கடையில் விற்பனையாளர் வேலை கிட்டியது. 1935-இல் நெசவாளர்களுக்கென அமைந்த கூட்டுறவு நிறுவனம் அது. கோ-ஆப்டெக்ஸ் என்றால் எல்லோர்க்கும் தெரியும்.

வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, அதாவது 1954-இல், அண்ணல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். ஐயா விடுப்பெடுத்துக்கொண்டு சோலார்பேட்டை, பங்காருப்பேட்டை வழியாக இரயிலில் மாரிக்குப்பம் சென்று கூட்டத்தில் நின்றார். என்ன பேசினார் என்று பலமுறை கேட்டிருக்கிறோம். “பேச்சு காதில் விழலை தம்பி, அவ்வளவு கூட்டம். கோட்டைத்தான் பார்த்தேன். என்ன துணி, என்ன தையல்! நம்மாள் ஒருத்தர் உடம்புமேலே அப்படி ஒரு துணியை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை” என்பதே மறுமொழி. இதைக் கேட்டு இளைஞர் சிலர் நகைத்ததுண்டு. மேலே சொன்ன 1930-ஆம் ஆண்டின் தடைகளை அவர்கள் அப்போது அறியார்.

கடையில் அவர் வேலைசெய்த திறத்தை நாம் நேரில் கண்டுள்ளோம். சேலம் வெண்பட்டு வேட்டி, சென்னிமலைப் போர்வை, குடியாத்தம் லுங்கி ஆகியவற்றை விரல் நுனியால் தடவியே இன்ன இழை, இன்ன ஊர் என்பார். வாங்க வந்தவர் ஏழையாயினும் மடிப்பை முழுதும் பிரித்து முந்தானையைக் காட்டாமல் விடமாட்டார். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் மூட்டையுடன் செல்வதுண்டு. ஒரு சிற்றூரில், வீட்டுக்காரர் துணிகளைத் திண்ணைமேல் வைக்கச் சொல்லித் தாமே எடுத்துப் பார்த்து, பணத்தைக் கையில் கொடாமல் தரையில் வைத்தார். அன்றிரவே அவ்வீட்டார் இவர் தோளில் சுமந்துவந்த வேட்டியை உடுத்திக்கொண்டு கோயிலுக்குச் சென்றனர். இவர் தோளில் பட்ட துணி ஆகும், இவர் கை மட்டும் ஆகாது. இதனைச் சொல்லும்போது ஐயா சினங்கொண்டதில்லை; கணக்குப் பார்க்கும் குரலிலேயே சொல்வார். நமக்குத்தான் உள்ளம் கொதிக்கும்.

அரசு ஊழியர்க்கு மாதத் தவணையில் துணி விற்கும் முறை அக்கடைகளில் உண்டு. அதற்கென அவர் பள்ளிதோறும், அலுவலகந்தோறும் செல்வார். இவ்வாறு முப்பதாண்டுக்கு மேலாகச் சென்றதில், தாலுகாவில் அவரை அறியாத தலைமையாசிரியரோ எழுத்தரோ இல்லையென்றாயிற்று. பின்னாளில் ஒரு பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ வேண்டியபோது, பிறர்க்கு மூன்று வாரமாகும் வேலை அவர்க்கு மூன்று நாளில் முடிந்தமைக்கு இதுவே காரணம். செல்வாக்கு என்று சிலர் கூறினர். செல்வாக்கு அன்று, பழக்கம்.

நம் சொந்தக் கதையையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 1987-இல் நாம் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். உயர்கல்வி பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் 1944-இலேயே ஏற்பட்டது; ஆயினும் அத்தொகை கைக்கு வரும் காலம் அவரவர் ஊழைப் பொறுத்தது. அவ்வாண்டு வரவில்லை. உணவுக் கட்டணப் பாக்கி ஏறிவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, எம் தந்தையார் வேலைபார்த்த பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கே போய்விடலாமென்று வந்துவிட்டோம். செய்தியறிந்து ஐயா வீட்டுக்கு வந்தார். அறிவுரை ஒன்றும் கூறவில்லை. “பாக்கி எவ்வளவு?” என்றார்; சொன்னோம். மறுநாள் நம்மை அழைத்துக்கொண்டு விடுதிக்குச் சென்று, அங்கிருந்தவரிடம், “இதை ஆறு தவணையாகப் போட்டுக்கொள்ளுங்கள், முதல் தவணை இதோ, மீதிக்கு நான் பொறுப்பு” என்று எழுதிக் கையொப்பமிட்டார். புடவை விற்கும் முறையிலேயே நம் படிப்பும் காக்கப்பட்டது. 1994-இல் ஆசிரியப் பணி கிடைத்து, அவர் கட்டிய தொகையைத் திருப்பித்தரச் சென்றபோது, மறுக்காமல் பெற்றுக்கொண்டு, ஒரு பழைய நோட்டை எடுத்து நம் பெயருக்கெதிரே குறியிட்டார். ‘வேண்டாம், வைத்துக்கொள்’ என்று சொல்லியிருந்தால் நாம் என்றும் கடன்பட்டவராகவே இருந்திருப்போம்.

1989-இல் அவர் ஓய்வு பெற்றார். அதன்பின் சைக்கிள், கித்தான் பை, நீளவாக்கு நோட்டு ஆகிய மூன்றுமே அவர் அடையாளம். ஞாயிறுதோறும் ஒரு சேரிக்குச் சென்று, வீடுவீடாகப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, நின்றுவிட்டதாயின் நின்ற தேதி, காரணம் ஆகியவற்றை எழுதிக்கொள்வார். நம் பகுதியில் அந்நாளில் ‘காரணம்’ என்னும் பத்தியில் மிகுதியும் எழுதப்பட்டது ‘பீடி’ என்னும் ஒரே சொல். பெற்றோர் மருத்துவத்துக்கோ திருமணத்துக்கோ முன்பணம் வாங்கியிருப்பர். அது தீரும்வரை பிள்ளை பீடியின் முனையை மடித்து அடைக்கும் வேலைக்குச் செல்லவேண்டும். கூலி சிறிது, கழிவு பெரிது, முன்பணம் தீராது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அக்கடன் செல்லாது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பதினான்கு வயது நிரம்பாதோர் பீடி சுற்றுதலைத் தடைசெய்தது. ஆனால் குடும்பத்தாரோடு வீட்டில் செய்யும் தொழிலுக்கு விலக்களித்தது. அந்தச் சிறிய வாயில் வழியாக ஓர் ஊரே நுழைந்துபோகலாம், போயிற்று.

இங்கேதான் ஐயாவுக்கும் நம்போன்ற இளைஞர்க்கும் பிணக்கு ஏற்பட்டது. 1996-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின்மேல் எண்ணூறு ரூபாய் முன்பணம் இருந்தது. ஐயா முதலாளியிடம் சென்று, மாதம் ஐம்பது ரூபாயாகத் தாமே தருவதாகப் பேசி, சிறுமியை அம்மாதமே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். நாம் சினந்தோம். சட்டம் செல்லாதென்று கூறும் கடனை நாமே கட்டினால், அக்கடனை நாமே ஒப்புக்கொண்டதாகாதா? இன்று ஒரு பிள்ளைக்குக் கட்டினால் நாளை பத்துப் பிள்ளைக்கு முன்பணம் கொடுக்க அவருக்குத் துணிவு வராதா? இவ்வாறு கேட்டோம். அவர் மெதுவாக, “நீங்கள் சொல்வது சரி. மனு கொடுங்கள். ஆனால் பள்ளிக்கூடம் சூனிலே திறந்துவிட்டதே தம்பி” என்றார்.

மனுக் கொடுத்தோம், நாமும் கையொப்பமிட்டோம். விசாரணை நடந்து இரண்டு பிள்ளைகள் விடுவிக்கப்பெற்றனர். ஆயின் அதற்குள் அவ்வூரில் அச்சம் பரவி, மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை உறவினர் ஊர்களுக்கு அனுப்பிவிட்டனர். சிலர் நம்மைக் கண்டால் கதவைச் சாத்தினர். ஐயாவுக்கு மட்டும் எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. இதனால் மனுக் கொடுத்தது தவறென்று நாம் கூறவில்லை; இன்றும் கொடுப்போம். கடன் செல்லாது என்பதை ஊரறியச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் அதனைச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய நாம், அச்சிறுமி பத்தாம் வகுப்பு எழுதும்வரை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். ஒரு வேறுபாட்டையும் மறைக்கலாகாது: முதலாளி எண்ணூறும் வாங்கிக்கொள்ளவில்லை. மனு வந்த செய்தி அறிந்ததும், ஐந்து தவணைக்குப்பின் மீதியை விட்டுவிட்டார். ஐயாவின் பொறுமைக்கு நம் மனுவும் சிறிது துணைசெய்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

2000-இல் நாம் சிலர் சேர்ந்து சங்கத்தைப் பதிவுசெய்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. தலைமை ஏற்க மறுத்துவிட்டார். சந்தா தண்டும் வேலையை மட்டும் கேட்டுப் பெற்றார். அரசு ஊழியரான நம்மவர்களிடம் மாதம் பத்து ரூபாய். இதற்கு அவர் வகுத்த விதி ஒன்றே: சம்பள நாளன்று மாலையே போய் நிற்றல். “முதல் தேதி போனால் பணம் கொடுப்பார்கள். பத்தாம் தேதி போனால் கொள்கை பேசுவார்கள்” என்பார். அவர் காலத்தில் மாலை வகுப்பு ஆசிரியர்க்கு ஊதியம் ஒரு மாதமும் நின்றதில்லை. அவர்க்குப்பின் நின்றது. அதற்குப் பொறுப்பானவர்களுள் நாமும் ஒருவர் என்பதனால் இதை விரித்தெழுத நாணுகிறோம்.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். பிள்ளைகள் அழுக்குச் சட்டையுடன் வகுப்புக்கு வந்தால், பெற்றோரை மற்றவர்முன் கடிந்துகொள்வார், மாற்றுத்துணி இல்லாத வீடுகளும் உண்டென்பதை அவர் அறியாதவரல்லர், ஆயினும் கடிவார். இதனால் சிலர் மனம் புண்பட்டனர். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வேலூர், ஆரணி, திருப்பத்தூர் எனக் கடை மாறிக்கொண்டே இருந்த காலத்தில், அவருடைய ஒரே மகளின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பதினேழு வயதில் திருமணம் முடித்துவிட்டார். ஊர்ப்பிள்ளைகளின் நோட்டில் முதற்பெயராக எழுதப்பட்டிருப்பது அம்மகளின் பெயரே. நின்ற ஆண்டு, வகுப்பு, எல்லாம் முறைப்படி. ‘காரணம்’ என்னும் பத்தியில் ‘தகப்பன்’ என்று எழுதியுள்ளார். இதனை அவர் மறைந்தபின்னரே கண்டோம். அவ்வம்மையாரின் இசைவுடன் இங்கே எழுதுகிறோம்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் பெயரை அவர் ஒருபோதும் அடித்ததில்லை. பெயர்க்கு முன் பென்சிலால் ஒரு சிறு வட்டம் இடுவார். திரும்பச் சேர்ந்தால் வட்டத்துக்குள் புள்ளி வைப்பார். ஐந்து முறை சென்றும் வாராத பிள்ளையை இனி விட்டுவிடலாமே என்று ஒருமுறை சொன்னோம். “கடையிலே விற்காத புடவையைக் கிழித்தா போடுகிறோம் தம்பி? அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் பிரித்துக் காட்டுகிறோம் இல்லையா?” என்றார்.

அந்த நோட்டுகள் பதினாறும் இப்போது சங்க அலுவலக அலமாரியில், கீழ்த்தட்டில் உள்ளன. புள்ளியில்லாத வட்டங்கள் இன்னும் பல. அவர்களுள் சிலர் முப்பது வயதைக் கடந்தோர். அவர்தம் பிள்ளைகள் நம் தெருக்களிலேயே வளர்கின்றனர். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் செயலாளரைக் கேட்டால் எடுத்துத் தருவார். கடைசி இரண்டும் மழையில் நனைந்து ஒட்டியிருப்பதால் தாள் கிழியாமல் புரட்டவேண்டும்.